ஓரங்கட்டச் சொன்ன டிரைவர்

நாள்பட்ட நோயாளிகளை வருடக்கணக்கில் படுக்க வைத்திருக்கும் அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஆமை சிஸ்டர் என்று பெயர். முதுகுக்குப் பின்னால் இல்லை, முகத்துக்கு நேராகவே. மற்ற நர்ஸுகள் பாதி வார்டைத் துடைத்து முடித்திருப்பார்கள். இவள் ஒரு கிழவியிடம், தண்ணீர் சூடாக வேண்டுமா, வெதுவெதுப்பாக வேண்டுமா என்று விசாரித்துக்கொண்டிருப்பாள். சம்பந்தி வீட்டு உபசரிப்பு தோற்றது போங்கள்.

"அதுக்கு நெனப்பே கெடையாது. அதுகிட்டப் போயி கேக்குறியே" என்பாள் சீனியர் நர்ஸ்.

"நெனப்பு இல்லன்னா சூடு தெரியாதாக்கா?"

வீட்டிலும் இதே கூத்துதான். கணவன் லாரி மெக்கானிக், வாய்த்துடுக்கு ஜாஸ்தி. "எனக்கும் அங்க ஒரு கட்டில் போடச் சொல்லு. அப்பவாவது என் பக்கம் திரும்புவ" என்பான். அவள் பாதிச் சிரிப்பிலேயே தட்டின் முன்னால் தூங்கிப்போவாள்.

அவள் வார்டில் ஒரு பஸ் டிரைவர் இருந்தார். பக்கவாதம் வந்து பாதிப் பேச்சைக் கொண்டுபோய்விட்டது. மிச்சம் இருந்ததெல்லாம் பஸ் பேச்சு. பசித்தால் "டீசல்" என்பார். தூக்கம் வந்தால் "ஷெட்டுக்கு விடு" என்பார். இதெல்லாம் எல்லோருக்கும் புரிந்தது. "ஓரங்கட்டு, ஓரங்கட்டு" என்று துடிப்பாரே, அதுதான் ஒருவருக்கும் புரியவில்லை. சற்று நேரத்தில் படுக்கை நனைந்திருக்கும். மேட்ரன் டயப்பர் மாட்டச் சொல்லிவிட்டாள்.

ஆமை சிஸ்டர்தான் கவனித்தாள். அந்த வார்த்தையைச் சொல்லும்போதெல்லாம் அவர் தொடைகளை இடுக்கிக்கொண்டார். ராத்திரியும் பகலும் ரோட்டில் கிடந்த மனுஷன் வண்டியை எதற்கு ஓரங்கட்டுவார்? மரத்தடியில் ஒதுங்கத்தான். அன்றிலிருந்து அவர் வாயைத் திறந்ததும் தோளைக் கொடுத்துக் கக்கூஸுக்கு நடத்திப்போனாள். போகிற வழியில் அவர் வாயாலேயே ஹாரன் அடிப்பார். டயப்பர் போயிற்று. தன் காலில் நின்று, கதவைச் சாத்திக்கொண்டு போவது. அந்த மனுஷனுக்கு மிச்சமிருந்த மரியாதை அது ஒன்றுதான்.

"அவர நீ நடத்திட்டுப் போயி வர்றதுக்குள்ள நாலு பேருக்கு டயப்பர் மாத்திடலாம்" என்றாள் மேட்ரன்.

"கை ரெண்டுதானே மேடம் இருக்கு."

"அதையேதான் நானும் சொல்றேன். எனக்கு ஆள் எங்கம்மா?"

மேட்ரனையும் குறை சொல்ல முடியாது. வேலையை விட்டுப் போனவர்களின் இடத்துக்கு யாரும் வரவில்லை. ஒருநாள் காலையில் மேல்மாடி நர்ஸும் நின்றுவிட, "இப்பவே மேல போ" என்று மேட்ரன் இவளை விரட்டினாள். ஊட்டிக்கொண்டிருந்த கஞ்சியைப் பயிற்சிக்கு வந்திருந்த புதுப்பெண்ணின் கையில் திணித்துவிட்டு, மாடிப்படியில் நின்று ஆமை சிஸ்டர் சொன்னாள்: "டிரைவர் ஐயா ஓரங்கட்டுன்னு சொன்னா உடனே செஞ்சிடும்மா. லேட் பண்ணாத."

"சரிக்கா."

ஆமை சிஸ்டர் அவ்வளவுதான் சொன்னாள். அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம் இருக்கும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

புதுப்பெண் சொன்ன பேச்சைத் தட்டாதவள். டிரைவர் ஓரங்கட்டச் சொன்னார். அவள் ஆயாவைத் துணைக்குக் கூப்பிட்டுக் கட்டிலை இழுத்துச் சுவரோரமாக நிறுத்தினாள். அவர் மறுபடியும் சொன்னார்.

"ஓரங்கட்டியாச்சு தாத்தா. இதுக்கு மேல செவுருதான்."

அவர் அடக்கிப் பார்த்தார். முடியவில்லை; ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் கம்பித் தடுப்பு என்று கால்மாட்டு வழியாக இறங்கப்போய் விழுந்தார். இடுப்பு எலும்பு உடைந்தது.

சாயங்காலம் ஆயாதான் மேலே வந்து சொன்னாள். "அவரு கட்டு கட்டுன்னாராம், இவ கட்டிலத் தள்ளினாளாம்" என்று சிரித்துக்கொண்டே ஆரம்பித்தவள், இவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

ஆமை சிஸ்டர் கீழே ஓடினாள். மறுபடியும் மாட்டிய டயப்பரைப் பிய்க்காமல் இருக்க, அவருடைய இரண்டு மணிக்கட்டுகளையும் கட்டிலோடு துணியால் கட்டியிருந்தார்கள். புதுப்பெண் மூக்கை உறிஞ்சினாள். "நீங்க சொன்னதத்தானேக்கா செஞ்சேன்."

"ஆமா. நான்தான் ஒழுங்காச் சொல்லல."

அவர் காதருகே குனிந்தாள். "ஐயா, வண்டிய நிறுத்தட்டுமா?"

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு டீசலும் கேட்கவில்லை, ஷெட்டும் கேட்கவில்லை. கிடைத்த நேரத்தில் எல்லாம் இறங்கி வந்து கேட்டுப் பார்த்தாள். பேச்சே இல்லை. அவருடைய மகள் வந்திருந்தபோது இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "முன்னாடியெல்லாம் ஒரே சத்தம் சிஸ்டர். இப்ப தொந்தரவே இல்ல. நல்லாப் பாத்துக்கறீங்க."

"சரிம்மா" என்றாள்.

பிறகு அவள் கீழே இறங்குவதை விட்டுவிட்டாள். மேல்மாடியில் ஒரு அம்மா நாளெல்லாம் "குடை, குடை" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வெயில் கொளுத்திற்று. குடை என்றால் அந்த அம்மாவுக்கு என்னவோ, யார் கண்டது. ஆமை சிஸ்டர் கேட்கவில்லை. அவளைப் புரட்டித் துடைத்து, போர்வையை இழுத்துவிட்டு, அடுத்த கட்டிலுக்குப் போனாள்.