சக்களத்தியை விற்கப் போன நாள்

பேய், ஆவி என்று யாராவது கதையைத் தொடங்கினால் எழும்பித் தேத்தண்ணி போடப் போகிற ஆள் நான். ஒஸ்லோவில் பத்தொன்பது வருடமாக முதியோர் இல்லத்தில் வேலை. எத்தனை பேருடைய கண்களை மூடி விட்டிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. இங்கே ஒருவர் இறந்தால் நோர்வேக்காரத் தாதிமார் முதல் வேலையாக ஜன்னலைத் திறந்து விடுவார்கள், உயிர் வெளியே போவதற்காம். அவர்கள் அந்தப் பக்கம் போனதும் குளிர் தாங்காமல் நான் போய்ப் பூட்டி விடுவேன். ஒரு நாளும் எந்த ஆவியும் வந்து என்னிடம் முறைப்பாடு சொன்னதில்லை. இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், இனி நான் சொல்லப் போவதைக் கேட்டு, பாவம், புருஷனைப் பறிகொடுத்த மனுஷி, மூளை கலங்கி விட்டது என்று நீங்கள் நினைக்கக் கூடாது. நினைத்தாலும் பரவாயில்லை, முழுவதையும் கேட்டு விட்டு நினையுங்கள்.

எங்கள் வீடு எல்லிங்ஸ்ருட்டில், ஒரு மாடிக் குடியிருப்பின் நான்காம் மாடியில். நிலத்துக்கு அடியில் எல்லா வீட்டுக்காரருக்கும் பொதுவாக ஒரு கராஜ். அதன் கடைசி மூலையில்தான் என் சக்களத்தி குடியிருந்தாள். அந்தக் காரைத்தான் சொல்கிறேன். இவர், அதாவது என் கணவர், பஸ் டிப்போவில் மெக்கானிக். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஆட்களெல்லோருக்கும் தெரிந்த ஏ ஃபோர்ட்டி என்கிற பழைய காரின் வெறும் கூடு ஒன்றை இங்கே ஒரு விவசாயியின் கொட்டிலில் கண்டுபிடித்து, ஏதோ புதையல் எடுத்தவர் போல ட்ரெயிலரில் ஏற்றிக் கொண்டு வந்தார். அதை ஹொட் ரொட் ஆக்கப் போகிறாராம். பழைய காரின் கூரையை வெட்டிப் பதித்து, அதன் வயிற்றுக்குள் பெரிய எஞ்சினைத் திணித்து, பின்னால் கொழுத்த சில்லுகள் பூட்டி, வீதியே அதிர ஓடுவதற்குப் பெயர்தான் ஹொட் ரொட். நோர்வேக்காரருக்கு இருக்கும் பைத்தியம் இவருக்கும் தொற்றி விட்டது. ஒன்பது வருடம் வேலை செய்தார். சனிக்கிழமைகளில் சோற்றைக் கூடக் கீழே கொண்டு போய்ச் சாப்பிடுவார். ஒன்பது வருடத்தில் அந்தக் கார் ஒரு அடி கூட ஓடவில்லை. நானும் ஒரு நாள் கூட அதில் ஏறவில்லை, அது எனக்கு ஒரு பிடிவாதம்.

இந்த இடத்தில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் கணவன் மனைவி ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். நான் அவரை "இஞ்சருங்கோ" என்பேன். அவர் என்னை "இஞ்சேரும்" என்பார். இங்கே பாரும் என்பதுதான் அப்படிச் சுருங்கி விட்டது. மகள் மதுரா பாலர் பாடசாலையில் சேர்ந்த புதிதில், அம்மாவின் பெயர் என்ன என்று ஆசிரியை கேட்க, இவள் கூசாமல் "இஞ்சேரும்" என்று சொல்லி விட்டாள். பெற்றோர் கூட்டத்துக்குப் போனால் எனக்கு ஒதுக்கிய கதிரையில் அந்தப் பெயரை எழுதி ஒட்டியிருந்தார்கள். அன்றைக்கு இவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, ரயிலில் வரும் வழியெல்லாம் சிரித்தார். இன்னொன்றையும் கேட்டுக் கொள்ளுங்கள். இருபத்தாறு வருடத்தில் அவர் என்னை இரண்டாம் தரம் கூப்பிட வேண்டி வந்ததில்லை. எவ்வளவு சண்டை பிடித்திருந்தாலும், முகத்தைத் தூக்கி வைத்திருந்தாலும், எந்த அறையில் நின்றாலும் முதல் தரத்திலேயே "என்னப்பா" என்று விடுவேன். எங்களுக்குள் சமாதானம் அப்படித்தான் வரும், வேறு மன்னிப்பெல்லாம் கேட்கத் தெரியாது.

போன வருடத்துக்கு முந்திய நவம்பரில் ஒரு சனிக்கிழமை. அக்காவின் பேத்தியின் பிறந்தநாளுக்கு இரண்டு மணிக்கு மண்டபத்துக்குப் போக வேண்டும். நான் சேலை உடுத்தி, பரிசுப் பொருளும் கையுமாக நிற்கிறேன், இவர் கீழேயிருந்து முழங்கை வரை கிறீஸோடு வருகிறார். எனக்குக் கோபம் வந்தால் வாய்க்குப் பூட்டு இல்லை.

"அந்தக் காருக்குள்ளையே போய்க் கிடவுங்கோ," என்றேன். "இனி மேலை வர வேண்டாம்."

இவர் கையைத் துடைத்துக் கொண்டு திரும்பவும் கீழே போனார். நானும் மண்டபத்துக்குப் போகவில்லை, சேலையை அவிழ்த்து எறிந்து விட்டுத் தொலைக்காட்சியைச் சத்தமாகப் போட்டுக் கொண்டு இருந்தேன். வழமை போல வந்து கூப்பிடுவார்தானே, கூப்பிடட்டும், இன்றைக்குக் கொஞ்சம் பிந்தித்தான் "என்னப்பா" என்பது என்று மனதுக்குள் கறுவிக் கொண்டிருந்தேன். ஏழு மணிக்குப் பொறுக்காமல் இறங்கிப் போனேன். காருக்குள், சாரதி ஆசனத்தில், ஸ்டியரிங்கில் ஒரு கையோடு இருந்தார். எனக்குத் தொட்டுப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. வேலையில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்.

மாரடைப்பு, ஒரு நொடியில் முடிந்திருக்கும், அவருக்கு எதுவுமே தெரிந்திருக்காது என்றார் வைத்தியர். எங்கள் முதியோர் இல்லத்தில் உறவினர்களுக்கு நாங்களும் இதையேதான் சொல்வோம். ஆனாலும் அந்தச் சொல்லைப் பிடித்துக் கொண்டுதான் ஒரு வருடம் நான் உயிர் வாழ்ந்தேன். அன்றைக்கு நான் சொன்னதை மதுராவுக்குக் கூட இன்று வரை சொன்னதில்லை.

அடுத்த வருடம் டிசம்பரில் குடியிருப்பு நிர்வாகத்திலிருந்து கடிதம் வந்தது. இலக்கத் தகடு இல்லாத வாகனங்களைத் தை மாதத்துக்குள் கராஜிலிருந்து அகற்ற வேண்டும். மதுரா ஹம்மர்பெஸ்டில் வேலை செய்கிறாள், நாட்டின் மற்ற அந்தத்தில். தொலைபேசியில் சொன்னேன்.

"அம்மா, அது அப்பான்ர கார். விக்காதேங்கோ," என்றாள்.

"நீ அங்கை இருந்து கொண்டு சொல்லுவாய். நானெல்லே ஒவ்வொரு நாளும் லிஃப்டால இறங்கேக்கை அதைப் பாக்கிறன்."

"அதை வித்துட்டா அப்பாவில எங்களுக்கு என்ன மிச்சம் இருக்கு?"

நான் தொலைபேசியை வைத்து விட்டேன். உண்மையைச் சொன்னால், அந்தக் காரை வைத்திருக்கவும் என்னால் முடியவில்லை, விற்கவும் மனம் வரவில்லை. வைத்திருந்தால் நான் சொன்ன சொல் அந்த மூலையில் ஒரு தார்ப்பாயால் மூடப்பட்டு நிற்கிறது. விற்றால், செத்த பிறகும் மனுஷனைத் துரத்தி விட்டேன் என்று ஆகி விடும். கடைசியில் விற்பது என்று முடிவெடுத்து இணையத்தில் விளம்பரம் போட்டேன். இங்கே எல்லோரும் எழுதுவது போல, இடம் இல்லாததால் விற்பனைக்கு என்று எழுதினேன். கணவர் இறந்தார் என்று எழுதவில்லை, காருக்குள் இறந்தார் என்று எப்படி எழுதுவது.

தெரியே என்கிற ஒரு நோர்வேக்காரர் வந்தார். ஓய்வு பெற்ற மெக்கானிக், மேற்குக் கரைப் பக்கத்தவர், பெரிய உடம்பு, கம்பளித் தொப்பி. மூன்றரை மணி, வெளியே இருட்டி விட்டது, டிசம்பரில் இங்கே அப்படித்தான். இது கணவருடைய கார் என்று சொல்லி, கராஜ் வாசலிலேயே நின்று கார்த் திறப்பைக் கொடுத்தேன். அந்த மூலைக்குப் போக எனக்குக் கால் வராது. அம்புலன்ஸ்காரர் இழுத்ததில் சாரதிப் பக்கக் கதவு இறுகி விட்டது, மற்றப் பக்கத்தால் ஏறுங்கள் என்று மட்டும்... இல்லை, அம்புலன்ஸ் என்று நான் சொல்லவில்லை, கதவு இறுகி விட்டது என்று மட்டும்தான் சொன்னேன். அதில் எனக்கு நிச்சயம். அந்தக் கராஜுக்கு இருப்பது ஒரே ஒரு வாசல், அதில் நான் நிற்கிறேன், லிஃப்டும் என் பக்கத்தில்தான். உள்ளே வேறு யாரும் இல்லை, யாரும் வரவும் இல்லை.

பத்து நிமிடம் இருக்கும். மனிதர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக் கொண்டு, ஏதோ பிழை செய்தவர் போல வந்தார்.

"உங்கள் கணவரும் எங்கள் மேற்குக் கரைப் பக்கமா?" என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை. என்னைப் பார்த்தால் தெரியாதா, இலங்கை என்றேன்.

"அப்படியானால் எங்கள் பக்கத்துப் பேச்சை எங்கே பழகினார்? டாஷ்போர்டுக்குக் கீழே குனிந்து வயர் பார்த்துக் கொண்டிருந்தேன். இடம் இல்லை என்றார். எங்கள் ஊரில் பழைய ஆட்கள் சொல்வது போலவே சொன்னார். மன்னியுங்கள் என்று சொல்லிக் கொண்டு நிமிர்ந்தேன், ஆளைக் காணவில்லை."

விளம்பரத்தைப் பற்றிப் பேசுகிறார் என்று நினைத்து, ஓம், இடம் இல்லை என்றுதான் எழுதியிருக்கிறேன் என்றேன். அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். விளம்பரம் இல்லை, இப்போது, காருக்குள், ஸ்டியரிங் பக்கமிருந்து காதுக்குக் கிட்டச் சொன்னார் என்றார்.

"என்ன சொன்னார்? அப்படியே சொல்லுங்கள்."

"இஞ்சே ரூம்," என்றார் தெரியே.

நம்பினால் நம்புங்கள், விட்டால் விடுங்கள். இடம் இல்லை என்பதற்கு அவருடைய ஊரில் அப்படி ஒரு பேச்சு இருக்கலாம், எனக்குத் தெரியாது. ஆனால் அவர் அதைச் சொன்ன இராகம், முதல் எழுத்தை அழுத்தி நடுவில் இழுத்துக் கடைசியில் விட்டு விடுகிற அந்த இராகம் எங்கிருந்து வந்தது? இருபத்தாறு வருடம் என் காதில் விழுந்த குரலின் போக்கு, தமிழில் ஒரு சொல் தெரியாத ஒரு நோர்வேக்காரனின் வாயிலிருந்து வருகிறது. சுவரைப் பிடித்துக் கொண்டு அந்தச் சீமெந்துத் தரையிலேயே இருந்து விட்டேன்.

பிறகுதான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், இவர் இறந்ததை, அந்தக் காரில் இறந்ததை, அந்தச் சொல் யாருடைய சொல் என்பதை. அவர் சிரிக்கவில்லை. ஆவி கீவி என்றும் பேசவில்லை. திரும்பிப் போய், தார்ப்பாயை இழுத்துப் பிள்ளைக்குப் போர்த்து விடுவது போலக் காரை மூடி, ஓரங்களையெல்லாம் செருகி விட்டு வந்தார்.

"இது இப்போது விற்கிற கார் இல்லை," என்றார். "உங்களுக்கு இடம்தான் பிரச்சினை என்றால் என் கொட்டிலில் இடம் இருக்கிறது. வந்து பார்க்க வேண்டுமென்றால் எப்போதும் வரலாம்."

அவர் போன பிறகு முதல் தடவையாக நான் அந்தக் காரில் ஏறினேன். பக்கத்து ஆசனத்தில்தான். நான் நாலடி பத்தங்குலம், எந்தக் காரில் இருந்தாலும் எனக்கு முன்னால் டாஷ்போர்டு மட்டும்தான் தெரியும். இந்த ஆசனத்துக்குக் கீழே இவர் ஒரு பலகை வைத்து உயர்த்தியிருந்தார், கால் வைக்க ஒரு சின்னப் படியும் ஒட்டியிருந்தார். கண்ணாடிக்கு வெளியே எல்லாமே தெரிந்தது. ஒரு நாளும் ஏற மாட்டேன் என்று சொன்னவளுக்கு மனுஷன் அளவெடுத்துச் செய்து வைத்திருக்கிறார். நான் ஓவென்று அழுதேன். அழுது முடித்து, ஸ்டியரிங் பக்கம் திரும்பி, "என்னப்பா, சொல்லுங்கோ, நான் இஞ்சைதான் இருக்கிறன்," என்றேன். கராஜ் காற்றாடியின் இரைச்சல் மட்டும்தான் கேட்டது. எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

கார் இப்போது தெரியேயின் கொட்டிலில் நிற்கிறது. விற்கவில்லை. போன ஆனியில் எஞ்சினை எழுப்பி விட்டார், சத்தத்தைத் தொலைபேசியில் பதிந்து அனுப்பினார். மாதத்தில் ஒரு சனிக்கிழமை பஸ் பிடித்துப் போய் அந்த உயர்த்திய ஆசனத்தில் கொஞ்ச நேரம் இருந்து விட்டு வருவேன். தெரியேயும் அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லையாம். மதுராவுக்கு இந்தக் கதையில் பாதிதான் தெரியும். "பாத்தீங்களே அம்மா, விக்க வேண்டாம் எண்டுதான் அப்பா கூப்பிட்டவர்," என்று சந்தோஷப்படுகிறாள். அவள் அப்படியே நினைக்கட்டும்.

நான் அன்றைக்குத் தரையில் இருந்தபடி தெரியேயிடம் இன்னொன்று கேட்டேன். கேட்காமலே இருந்திருக்கலாம். எத்தனை தரம் கேட்டது என்றேன்.

"இரண்டு தரம்," என்றார். "முதல் தரம் வடிவாக, தெளிவாகக் கேட்டது. இரண்டாம் தரம் மெல்ல, மூச்சு வாங்குகிறவர் போல."

வைத்தியர் ஒரு நொடி என்றார். ஒரு நொடியில் ஒருவரால் இரண்டு தரம் கூப்பிட முடியாது. முதல் தரத்துக்குப் பதில் வராவிட்டால்தான் மனுஷர் இரண்டாம் தரம் கூப்பிடுவார்கள். நான்காம் மாடியில் நான் தொலைக்காட்சியைச் சத்தமாகப் போட்டிருந்தேன்.