கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு

மலேசியாவில் நான் குதிரையேற்றம் கற்ற இடம், நாலு பக்கமும் மரவேலி போட்ட மணல் திடல். குதிரை எவ்வளவு மிரண்டாலும் அந்த வேலிக்குள்ளேதான் சுற்ற வேண்டும். அந்தத் தைரியத்தில்தான் ராசிபுரத்துக்கும் வெண்ணந்தூருக்கும் நடுவே இருந்த ஒரு லாயத்தில் வேலைக்கு வந்து சேர்ந்தேன். இங்கே வேலி கிடையாது. லாயத்துக் கதவைத் தாண்டினால் மரவள்ளிக் காடு, அதைத் தாண்டினால் லாரிகள் ஓடும் சாலை.

லாயத்தை நடத்தியவர் நாற்பது வயதைத் தாண்டிய ஒரு பெண். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் கணவர் போர்வெல் வண்டியோடு வடக்கே போய்விடுவார். இளங்குதிரைகளை வாங்கி, சேணத்துக்கும் சாலைச் சத்தத்துக்கும் பழக்கி விற்பது அக்காவின் தொழில். கொள்ளு வேகவைப்பது, கொட்டடியைக் கூட்டுவது, குளம்புக்குள் சிக்கிய கல்லைச் சுரண்டி எடுப்பது எல்லாமே எனக்குப் பிடித்திருந்தது. “ஊட்டுல வந்து சாப்புடுங்க” என்று அக்கா சொன்னதும் யாரை ஊட்டிவிடச் சொல்கிறார் என்று முதல் நாள் முழித்தேன். வீட்டைத்தான் அப்படிச் சொன்னார் என்று புரிந்ததும் இரண்டு பேரும் நெடுநேரம் சிரித்தோம்.

பயம் ஒரு செவலைப் பெட்டைக் குதிரையோடு வந்தது. எங்களோடு வேலை செய்த ஓர் அண்ணனை அது தார்ச்சாலையில் தூக்கி எறிந்தது. பின்னால் இன்னொரு குதிரையில் வந்த நான் அதைப் பார்த்தேன். அவர் வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. தோள்பட்டை எலும்பு முறிந்து அவர் ஊருக்குப் போன பிறகு செவலை என் பொறுப்புக்கு வந்தது.

அதற்குப் பிறகு தினமும் ஏற வேண்டிய நேரம் வந்தால், சேணத்தின் வாரை இறுக்குவேன், அவிழ்ப்பேன், மறுபடி இறுக்குவேன். அக்கா தன் கருப்புக் குதிரை மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார்.

“பயமா இருக்குதுங்களா, சாமி?”

“இல்லக்கா.”

“எனக்கு இருக்குதுங்க. மெதுவா வாங்க.”

ஒரு நாள் ஏரிக்கரையை ஒட்டிய குறுகலான மண்பாதையில் போனோம். அக்கா முன்னால், நான் பின்னால். வளைவில் ஒரு போர்வெல் லாரி திடீரென்று எதிரே வந்தது. அக்காவின் குதிரை பழகியது, ஓரமாக ஒதுங்கி லாரியைக் கடந்து போய்விட்டது. ஓட்டுநர் என்னை அப்போதுதான் பார்த்திருக்க வேண்டும், ஹாரனை அடித்துவிட்டார். செவலை முன்னால் ஓடவில்லை. பின்பக்கமாக நடக்க ஆரம்பித்தது. பாதையை விட்டு இறங்கி, காய்ந்த புல்லில் பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. திரும்பிப் பார்த்தேன். எங்களுக்குப் பின்னால் ஒரு கிணறு. கைப்பிடிச் சுவர் இல்லை. தரை அப்படியே முடிந்து, கீழே பாறையும் வெகு ஆழத்தில் பச்சைத் தண்ணீரும் தெரிந்தன.

நான் கடிவாளத்தை இழுத்துப் பிடித்தேன். அது இன்னும் வேகமாகப் பின்னால் போனது. ஓட்டுநர் எஞ்சினை நிறுத்திவிட்டுக் குதித்தார்.

“எறங்குங்க! எறங்கிருங்க!”

“எறங்காதீங்க சாமி!” லாரிக்கு அந்தப் பக்கமிருந்து அக்காவின் குரல் வந்தது. “கயித்தத் தளத்துங்க. இழுக்காதீங்க!”

விரல்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. குதிரையின் பின்னங்காலில் பட்டு ஒரு கல் உருண்டது. அது தண்ணீரில் விழும் சத்தம் வர நேரமாயிற்று. அந்தச் சத்தத்தில்தான் என் கைகள் திறந்துகொண்டன. செவலை நின்றது.

அக்கா லாரியைச் சுற்றி வந்தார். என்னைப் பிடித்து இழுப்பார் என்று நினைத்தேன். அவரோ எனக்கு முதுகைக் காட்டிக் குதிரையைத் திருப்பி, லாயம் இருக்கும் பக்கமாக நடக்க விட்டார். திரும்பியே பார்க்கவில்லை. என்னை விட்டுவிட்டுப் போகிறாரே என்று அலறத் தோன்றியது. கருப்புக் குதிரை தூரம் போகப் போக, செவலை காதை நிமிர்த்தியது. கனைத்தது. பிறகு ஓர் அடி முன்னால் வைத்தது. இன்னொன்று. தனியாக நிற்க அதற்கும் பயம்.

லாயத்தில் இறங்கியதும் தரையில் உட்கார்ந்து அழுதேன். அக்கா டீ போட்டுக் கொண்டுவந்தார். தம்ளரை என்னிடம் நீட்டிவிட்டு அவரும் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

“திரும்பிப் பாக்கலாம்னு அத்தனை ஆசை சாமி. பாத்திருந்தா நானும் நின்னிருப்பேன். நின்னிருந்தா அது வந்திருக்காதுங்க.”

“அந்தப் பாதையில நான் இனி வரமாட்டேன்க்கா.”

“செரிங்க. நானும்தான் வரமாட்டேன்.”

மறுநாளிலிருந்து நாங்கள் சோளக்காட்டைச் சுற்றி நீண்ட வழியில் போனோம். லாரிச் சத்தம் தூரத்தில் கேட்டாலே கையைத் தளர்த்த வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். சில நாள் முடிந்தது, சில நாள் முடியவில்லை. முடியாத நாட்களில் இறங்கி, செவலையைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தேன். அக்காவும் இறங்கிக் கூடவே நடந்தார்.