திருப்பி இழுத்த கயிறு

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதோடு நின்ற படிப்பு. முன்னே பின்னே மறந்தும் போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். என்னைப் போலத் தோள் போனவர்களுக்கு உதவுமே என்றுதான் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் காஞ்சிபுரத்துக்கு வெளியே ஏரியில் மீன் பிடிப்பவர். நான் பிள்ளையார்பாளையத்தில் பாவு (தறியில் ஏற்றுமுன் தெருவில் நீட்டிக் கட்டும் நூல்) இழுக்கக் கூலிக்குப் போவேன். அவருக்கு ஸ்டென்ட் (இதயக் குழாயை விரித்துவைக்கும் சிறு வலை) வைத்தபின், படகு மோட்டாரின் கயிற்றை இழுக்கக் கூடாது என்றார் டாக்டர். அதனால் நானும் படகில் ஏறினேன். நான் இழுப்பேன், அவர் ஓட்டுவார்.

மோட்டாரின் கைப்பிடி சின்னது, ஈரத்தில் வழுக்கும். பாவுக்கயிற்றைச் சுற்றிப் பிடிப்பதுபோல் அதையும் உள்ளங்கையில் சுற்றிக்கொண்டேன். பாவு திருப்பி இழுக்காது. மோட்டார் இழுக்கும். ஒருநாள் அது உதைத்து, கயிற்றை வெடுக்கென்று உள்ளே வாங்கியது. என் கையும் கூடவே போனது.

மறுநாள் தலை வாரக் கை எழும்பவில்லை. தோளின் தசைநார் (தசையை எலும்போடு கட்டும் நார்) பாதி கிழிந்திருக்கிறது, அறுவை வேண்டாம், பிசியோதெரபி (உடற்பயிற்சிச் சிகிச்சை) செய்து பார்க்கலாம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். படகை விற்றுவிடலாம் என்றார் வீட்டுக்காரர். சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ஏரிக்குப் போகாமல் அவர் என்ன ஆவாரோ என்ற பயம், வலியைவிடப் பெரிதாக இருந்தது.

மறுபடி இழுக்கலாமா என்று பயிற்சி தரும் பெண்ணிடம் கேட்க எனக்கு வெட்கம். வாரக்கணக்கில் பயிற்சி என்று சுவரில் விரலை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். கடைசியில், கூட வந்திருந்த வீட்டுக்காரரே போட்டுக் கொடுத்தார்.

“கயித்த கையில சுத்திக்கினு இழுக்குதும்மா இது. மோட்டார இன்னா, பட்டுப் பாவுன்னு நெனச்சிக்கிச்சி.”

அந்தப் பெண் சிரித்து, பாவை எப்படி இழுப்பீர்கள், காட்டுங்கள் என்று ஒரு துண்டின் முனையை என்னிடம் நீட்டினார். நாலு பேர் பார்க்க, தெருவில் பாவு இழுக்க நிற்பதுபோல் காலை ஊன்றி, கையை மடக்காமல் பின்னால் சாய்ந்தேன்.

“இது சரிதாம்மா. உடம்புதான் இழுக்குது, தோளு இல்ல. வலி அடங்கட்டும், இப்படியே இழுங்க. ஆனா சுத்தாதீங்க. உதைச்சா விட்டுடணும்.”

இப்போது மெக்கானிக் பிளக்கை (பொறி தந்து மோட்டாரைப் பற்றவைப்பது) மாற்றி, இரண்டு கையும் பிடிக்கும்படி பெரிய கைப்பிடி போட்டுக் கொடுத்திருக்கிறார். வீட்டுக்காரர் கியரை நடுவில் வைத்து, சோக்கை (குளிர்ந்த மோட்டாருக்குக் காற்றைக் குறைக்கும் குமிழ்) இழுத்துவிடுவார். நான் மோட்டாரைப் பார்த்து உட்கார்ந்து, பாதங்களைப் பலகையில் ஊன்றுவேன். மெதுவாக இழுத்தால் ஓரிடத்தில் இறுகும். அங்கிருந்துதான் உடம்போடு சட்டென்று சாய வேண்டும்.

ஒரே இழுப்பில் பிடிக்காத நாளும் உண்டு. முன்பெல்லாம் உடனே இன்னொரு முறை இழுப்பேன். இப்போது கையை மடியில் வைத்து, அது ஆகட்டும் என்னும்வரை உட்கார்ந்திருக்கிறேன். படகு ஆடிக்கொண்டிருக்கும். அவர் அவசரப்படுத்துவதில்லை. அவர் நெஞ்சும் இப்படித்தான், கேட்டுக் கேட்டு நடக்க வேண்டியது. என் கை எனக்கு வேலை செய்தது போய், கூட வருகிற ஆள் மாதிரி ஆகிவிட்டது.

மோட்டார் தெரிந்தவர், டாக்டர் யாராவது இதை ஒருமுறை படித்துத் திருத்திக் கொடுங்கள். நான் எதையாவது மாற்றிச் சொல்லி, இன்னொருத்தர் தோள் கிழியக் கூடாது.