நாற்பது காளைகளும் நூற்றுக்கு நூறும்

சாஜிதா பேகம் கோட்டைமேட்டிலிருந்து பீளமேட்டுக்கு ஆறு வருஷமாக பஸ்ஸில் போய்வந்தது ஒரு தற்காலிக வேலைக்கு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேலை போகும். மறுநாள் திரும்பக் கிடைக்கும். கால்நடை ஆராய்ச்சி நிலையத்தின் ஒரே கம்ப்யூட்டர் அவள் பொறுப்பு. மற்றவர்களுக்கு அதற்கு உறை போடவும் ஆயுத பூஜையன்று பொட்டு வைக்கவும் தெரியும். அவளுடைய நிரந்தர உத்தரவு டாக்டர் சுந்தரராஜுலுவின் கையெழுத்துக்குக் காத்திருந்தது. டாக்டர் என்றால் வைத்தியம் பார்ப்பவர் அல்ல. மாட்டின் மரபணுவைப் பற்றி மேடையில் பேசுபவர்.

1997இல் அவருக்கு ஒரு திட்டம் கிடைத்தது. பொள்ளாச்சிப் பக்கம் நாற்பது காளைகளின் ரத்தத்தை எடுத்து, ஒவ்வொரு ட்யூப்பிலும் பாதியை இங்கேயும் மீதியை ஹைதராபாத்திலும் சோதிக்க வேண்டும். மரபணுவில் பன்னிரண்டு இடங்களில் என்ன இருக்கிறது என்று இரண்டு ஆய்வகங்களும் தனித்தனியே எண்ணில் எழுதும். ஒரு புரோகிராம் இரண்டையும் ஒப்பிட்டு, எவ்வளவு ஒத்துப்போகிறது என்று சொல்லும். உள்ளூர்த் தாள்களைச் சாஜிதா தட்டச்சு செய்தாள். ஹைதராபாத் கணக்கு ஃப்ளாப்பியில் வந்தது.

நூற்றுக்கு நூறு ஒத்துப்போயிற்று.

டாக்டர் எல்லோருக்கும் மைசூர்பா வாங்கிக்கொடுத்தார். சாஜிதா மட்டும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது வரிகளிலும் ஒரே எண்கள். கடைசிக் கட்டம் ஆணா பெண்ணா என்று காட்டுவது. அதன்படி நாற்பது காளைகளும் பெண்.

ரத்தம் எடுக்கப் போனவன் ரவிக்குமார், அந்த நிலையத்திலேயே முனைவர் பட்டத்துக்குப் படிப்பவன். அவனைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"மொதக் காளையே முட்ட வந்துருச்சுங்க அக்கா. பக்கத்துல ஒரு பசு அமைதியா நின்னுச்சு. நாப்பது ட்யூப்பும் அதுகிட்டயே எடுத்துப்போட்டனுங்க. பாவம், அது ஒண்ணுமே சொல்லலீங்க."

இதற்கும் ஒரு பட்டம் கொடுக்கத்தான் போகிறார்கள். சாஜிதா டாக்டரிடம் போனாள்.

"சார், காளையெல்லாம் பசுன்னு வருதுங்க."

"ரெண்டு லேபும் ஒத்துப்போச்சா, இல்லையாம்மா?"

"ஒத்துப்போச்சுங்க."

"அப்புறமென்ன? அந்தக் கடைசிக் கட்டத்தை மட்டும் எடுத்து உட்டுருங்க. உங்க ஆர்டர்லயும் இந்த வாரமே கையெழுத்துப் போட்டுரலாம்."

ஆறு வருஷ ஆசை அது. அழிக்கும் பட்டனில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். ஆனால் அறிக்கையின் அடியில் 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் இருந்தது அவள் பெயர். பொய் இவர்களுடையது, கையெழுத்து மட்டும் என்னுடையதா என்று எரிச்சலாக வந்தது. கட்டத்தை அப்படியே விட்டுவிட்டாள். டாக்டர் அறிக்கையைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டு டெல்லிக்கு அனுப்பினார். அவள் உத்தரவில் போட மட்டும் மறந்துவிட்டார்.

அவருடைய கெட்ட நேரம், டெல்லியில் ஒருவர் படித்துவிட்டார். விசாரிக்க ஒரு குழு வந்தது. அதன் தலைவி சென்னைக்கார அம்மாள்.

"டைப் அடிச்சவங்க பண்ணின தப்புங்க," என்றார் டாக்டர், கொஞ்சமும் கூசாமல். "டெம்பரரி ஆளு. இன்னைக்கே நிறுத்திப்போடறேனுங்க."

சாஜிதாவுக்குப் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம்.

"ஹைதராபாத் ஃப்ளாப்பியிலயும் நாப்பதும் பொண்ணுதானுங்க சார். அதையும் நாந்தான் அடிச்சனுங்களா? நான் தப்பா அடிச்சிருந்தா, உங்க நூத்துக்கு நூறு எங்கிருந்துங்க வந்துச்சு?"

தலைவி டாக்டர் பக்கம் திரும்பினார். "சொல்லுங்க, அவங்க தப்பா, உங்க நூறு தப்பா?"

டாக்டர் யோசித்தார். அந்த நூறைப் போட்டுப் பாராட்டு விழாவுக்கு அழைப்பிதழ் அச்சாகி, பாதி ஊருக்குக் கொடுத்தும் ஆகிவிட்டது. அதை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. பேனாவை எடுத்து, 'தட்டச்சில் பிழை இல்லை. நாற்பது காளைகளும் பசுவே' என்று தன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

தலைவி அந்தத் தாளை வாங்கிப் பத்திரப்படுத்திவிட்டு, மேஜையில் கையெழுத்துக்குக் கிடந்த சாஜிதாவின் நிரந்தர உத்தரவை அவர் முன்னால் தள்ளினார்.

"பேனா கையிலதானே இருக்கு? இதுலயும் போட்டுருங்க."