மருதாசலத்தின் மார்புப் பெல்ட்

மருதாசலம் எண்களை நம்பாத மனிதர். நம்பாமலிருப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளமே. அனல்மின் நிலையத்தில் இன்ஸ்ட்ருமென்ட் செக்ஷன். அழுத்தமோ வெப்பமோ நீர்மட்டமோ, எதைக் காட்டும் கருவியையும் முதலில் பொய்யன் என்று வைத்துக்கொண்டு, பிறகுதான் விசாரணையைத் தொடங்குவார். அப்படிப்பட்டவரை, உடுமலைப்பேட்டையிலிருந்து நெய்வேலிக்கு வந்து தலை நரைத்த பிறகு, ஒரே ஓர் எண் சாப்பிடவிடாமல் செய்தது. அதுவும் அவருடைய எண் அல்ல. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அறிவழகனுடையது.

அறிவழகன் முத்தாண்டிக்குப்பத்துக்காரர், சுரங்கத்தில் பெர்மனன்ட். லீவு கிடைத்தால் ஊருக்குப் போய் முந்திரித் தோப்பில் மண்வெட்டி பிடிப்பார். அவரும் மருதாசலமும் மருதாசலத்தின் மனைவி தேவயானியும் காலையில் பிளாக்கைச் சுற்றிச் சேர்ந்தே நடப்பார்கள். ஒரே சாலை, ஒரே தூரம். முடிந்ததும் மதகுக் கட்டையில் உட்கார்ந்து, அறிவழகன் மணிக்கட்டைத் திருப்பி வாட்ச்சை வாசிப்பார்.

"நானூத்திப் பத்து கலோரி எரிஞ்சிருக்குது தங்கச்சி!"

மருதாசலத்தின் வாட்ச் முந்நூறைப் பார்த்ததே இல்லை.

"அண்ணன் நடையே தனிங்க," என்பாள் தேவயானி. "நீங்க நடக்கறது ரேசன் கடை வரிசைல நகர்ற மாதிரி இருக்குது."

அண்ணன், தங்கச்சி என்று முறை வைத்துக் கூப்பிட்டுக்கொண்டால் கணவன்மார் நிம்மதியாக இருக்கலாம் என்பது ஊரில் உள்ள ஏற்பாடு. மருதாசலத்தின் வயிற்றுக்கு அந்த ஏற்பாட்டை யாரும் தெரிவிக்கவில்லை.

முதலில் வேகமாக நடந்து பார்த்தார். மூச்சு வாங்கியதுதான் மிச்சம். அப்புறம் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. தன் நடையைத் திருத்துவதைவிட அடுத்தவன் கருவியைச் சந்தேகப்படுவது எவ்வளவோ சுலபம். அறிவழகன் நடக்கும்போது காக்கை விரட்டுவதுபோல இரண்டு கையையும் வீசுகிறார் என்பதைக் கவனித்தார். தேடித் தேடிப் படித்தார். வாட்ச் தோலின்மேல் பச்சை வெளிச்சம் அடித்து, ரத்த ஓட்டத்தைப் பார்த்து இதயத் துடிப்பை ஊகிக்கிறது. கை பலமாக ஆடினால் சில சமயம் அந்த ஆட்டத்தையே துடிப்பு என்று எண்ணிவிடும். துடிப்பு ஏறினால் அதை வைத்துப் போடும் கலோரிக் கணக்கும் ஏறும். மார்பில் கட்டும் பெல்ட் அப்படியில்லை. ஈரப்படுத்திய பட்டை வழியாக இதயத்தின் மின்னோட்டத்தையே பிடிக்கிறது. கலோரி என்பது அதிலும் மதிப்பீடுதான் என்றாலும், அடித்தளமாவது உறுதி. ஒரு பெல்ட் அவர் போனோடு பேசாது என்று கழித்தார். இன்னொன்றின் பட்டையைக் கழற்றித் துவைக்க முடியாது. நெய்வேலி வேர்வைக்கு அது ஆகாது என்று தள்ளினார். பெண் பார்க்கப் போனபோதுகூட அவர் இவ்வளவு கேள்வி கேட்டதில்லை.

பெல்ட் வந்தது. மறுநாள் காலை பனியனுக்குள் அதைக் கட்டிக்கொண்டு, அறிவழகனின் வாட்ச்சையும் வாங்கித் தன் வாட்ச்சுக்குப் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டு, அவரைப் போலவே கையை வீசி ஒரு சுற்று நடந்தார். இரண்டு வாட்ச்சும் துடிப்பு நூற்று முப்பது என்றன. பெல்ட் போன் திரையில் நூற்று நான்கு என்றது.

"பாத்தீங்களா, வாட்ச்சு ரெண்டும் பொய் சொல்லுது," என்றார் மருதாசலம், வெற்றியோடு.

"அதெப்பிடி சார்?" அறிவழகன் சிரித்தார். "பாய்லர்ல ஒரே எடத்துக்கு மூணு மீட்டர் வெச்சிருப்போம், ரெண்டு ஒத்துப்போனா மூணாவதுதான் ரிப்பேருன்னு இதே கட்டைல உக்காந்துகினு நீங்கதான சொன்னீங்க? இப்ப உங்க பெல்ட்டுதான் ரிப்பேரு."

"ரெண்டு பேரு ஒரே பொய்யச் சொன்னா அது உண்மையாயிருமா?"

"ரூலு உங்களுது சார்."

கல்யாணத்துக்கு முன்னால் நர்ஸாக இருந்தவள் தேவயானி. "எதுக்கு வாக்குவாதம்? நாடி புடிச்சாத் தெரிஞ்சு போகுது. அண்ணா, வாட்ச்சக் கட்டிட்டு நீங்க ஒரு சுத்து நடந்துட்டு வாங்க."

அறிவழகன் கையை வீசிக்கொண்டு போய், வீசிக்கொண்டு வந்தார். வாட்ச் நூற்று இருபத்தெட்டு காட்டியது. தேவயானி அவருடைய இன்னொரு மணிக்கட்டைப் பிடித்து, இரண்டு விரலை வைத்து, தன் போன் கடிகாரத்தைப் பார்த்தபடி எண்ணத் தொடங்கினாள்.

ஒரு நிமிடம் என்பது இவ்வளவு நீளமானது என்பதை மருதாசலம் அதுவரை அளந்து பார்த்ததில்லை.

"தொண்ணூத்திரெண்டு," என்றாள் தேவயானி. வாட்ச் தோற்றது. மருதாசலம் ஜெயித்தார். ஆனால் அவள் கையை விடவில்லை. "இத்தன வேகமா நடந்தும் தொண்ணூத்திரெண்டுதானா! நல்ல இதயமுங்ணா உங்களுக்கு."

நேற்றுவரை அதிக எண்ணுக்காக அறிவழகன்மேல் எரிந்த மருதாசலம், அந்தக் கணத்திலிருந்து குறைந்த எண்ணுக்காக எரியத் தொடங்கினார்.

அறிவழகனின் பார்வை கட்டையின்மேல் கிடந்த மருதாசலத்தின் போன்மேல் விழுந்தது. "ஐய, சார்! நீங்க சும்மா உக்காந்துகினு இருக்கீங்க, நூத்திப் பத்து காட்டுது! நான் சொல்லல, பெல்ட்டு ரிப்பேருன்னு?"

மருதாசலம் யோசித்தார். பெல்ட் சரி என்றால், உட்கார்ந்திருப்பவனுக்கு நூற்றுப் பத்து எதற்கு என்று சொல்ல வேண்டியிருக்கும். சர்வீஸில் ஒருநாளும் நல்ல கருவியைக் கெட்டது என்று எழுதாத மனிதர், தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஆமாங்க. ரிப்பேருதான்."

தேவயானி திரும்பிப் பார்த்தாள். வந்து கணவனின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நூத்தி எட்டு," என்றாள் கடைசியில். "பெல்ட்டு சரியாத்தான் இருக்குது."

அறிவழகன் முகம் மாறியது. "ஐயோ, உடம்புக்கு எதனா பண்ணுதா சார்? ஆஸ்பத்திரிக்குப் போலாமா?"

"ஒண்ணுமில்லீங்ணா. இது அந்த மாதிரி இல்ல," என்றாள் தேவயானி, கணவனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே. "நீங்க போங்க, ஷிப்டுக்கு நேரமாச்சு."

அவர் தயங்கித் தயங்கிப் போனார். இப்போது கையை வீசவில்லை.

"ஏனுங்க, இது எப்ப இருந்து?"

"எது?"

"சரி, விடுங்க. நாடி எறங்குதான்னு பாக்கறேன்."

"எறங்கலைன்னா?"

"எறங்கற வரைக்கும் புடிச்சிருக்கோணும். வேறென்ன பண்றது?"

மருதாசலம் இன்னொரு கையால் போனை எடுத்து, திரை தெரியாமல் கவிழ்த்து வைத்தார்.