மிளகுக்கு எழுப்பிய தூண்கள்

மிளகுக்குத் தரம் பார்க்கிறவனிடம் யாரும் தரத்தைக் கேட்பதில்லை, விலையைத்தான் கேட்பார்கள். பா அண்ணனை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, நகரத்துச் சோலோன் பேட்டையில் எங்கள் மிளகுக் கிடங்கு வாசலில் சாக்கின் மேல் உட்கார்ந்து அவரும் அதைத்தான் கேட்டார். விற்கிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் நடுவில் நின்று பிழைத்தவர்களுக்கு இந்த வேதனை தெரிந்திருக்கும்.

ஒரு வார்த்தை

அவர் முதலில் வந்தது, நாடு வெளி வியாபாரத்துக்குக் கதவைத் திறந்து சில வருஷம் கழித்து. வடக்கே மலைப்பக்கம் காபித் தோட்டம் வைத்திருந்தார். ஓரத்தில் கொஞ்சம் மிளகுக்கொடி. கொண்டுவந்த மிளகை லிட்டர் படியில் நிரப்பி எடை போட்டேன். நல்ல கனம்; படிக்கு எடை கூடினால் மிளகு தரமானது. "விலை இன்னும் ஏறுமா தம்பி?" என்றார். எனக்குத் தெரிந்தது படியும் தராசும்தான். ஆனால் அன்று காலை வெளிநாட்டிலிருந்து வந்த ஃபேக்ஸில் புது விலையைப் பார்த்திருந்தேன். ஏறும் என்றேன். அவர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். "அப்போ காபியைப் பிடுங்கிடறேன்."

செங்கல்

பிறகு ஒருமுறை மனைவியோடு அவர் ஊருக்குப் போனேன். அவள் அப்போது இருந்தாள். மலைச்சரிவு முழுக்க மிளகு. கொடி படர மரம் வளரும்வரை காத்திருக்க ஒருவருக்கும் பொறுமையில்லை. இரண்டு ஆள் உயரத்துக்குச் செங்கல் தூண் கட்டியிருந்தார்கள். அந்தச் செங்கல் காசில் சூளைக்காரரும் லாரிக்காரரும் மாடி வீடு எழுப்பினார்கள். பா அண்ணன் வீட்டுக் கீரைப்பாத்தியிலும் தூண் நின்றது. என் மனைவி மெக்கோங் பக்கத்து விவசாய வீட்டுப் பெண், சும்மா இருக்கமாட்டாள். "விலை இறங்கினா மிளகையே சோறா ஆக்குவீங்களா அண்ணே?" என்றாள். அவர் சிரித்தார். "இறங்காதும்மா. தம்பி சொல்லியிருக்கார்."

ஆய்வுக்கூடத் தாள்

எல்லோரும் நட்டார்கள், விலை சரிந்தது. வாங்குகிற நாடுகள் மிளகில் தெளித்த மருந்தின் எச்சம் இருக்கிறதா என்றும் சோதிக்கத் தொடங்கின. கொடி அழுகலுக்கு மருந்தடிக்காத தோட்டம் அந்த மலையில் கிடையாது. பா அண்ணன் மிளகில் எடை சரி, காரம் சரி, ஆய்வுக்கூடத் தாள் சரியில்லை. மூட்டைகளைத் திரும்ப லாரியில் ஏற்றச் சொன்னவன் நான். ஏற்றுமதிக் காகிதம் எழுதும் காரைக்கால்காரர் சவேரி பார்த்துக்கொண்டிருந்தார். "வேணாம்ங்கிறவன் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கான். மூஞ்சி மட்டும் நம்மளுது."

கடைசிப் பை

அடுத்த மழையில் கொடிகள் வேரிலிருந்து கறுத்தன. ஊர்ப்பிள்ளைகள் ஒவ்வொருவராகத் நகரத்து ஓரத்துத் தூ டுக் தொழிற்சாலைகளுக்கு இறங்கி வந்தார்கள்; பா அண்ணன் மகனும் வந்தான். அவர் மட்டும் ஒரு சின்னப் பையோடு பஸ்ஸில் நாள் முழுக்க உட்கார்ந்து கிடங்குக்கு வந்து சேர்ந்தார். படியில் கொட்டினேன். பாதி பதர். விலை கேட்டார். எடையைச் சொன்னேன், எந்த விலைக்கும் எடுக்கமாட்டார்கள் என்பதையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "வீட்டுலயே எடை போட்டுப் பார்த்துட்டேன் தம்பி. ஏறும்னு சொன்ன வாயாலயே இதையும் கேட்கணும்னு வந்தேன்."

அந்த வருஷமே காய்ச்சலில் போய்விட்டார் என்று மகன் வந்து சொன்னான். இடிக்கிற கூலி செங்கல் விலையைவிட அதிகம் என்பதால், தூண்கள் எல்லாம் அப்படியே நிற்கின்றன.