எட்டு மாதக் கசிவு

அவரை எல்லோரும் பூச்சாண்டி என்றுதான் கூப்பிட்டார்கள். குழந்தைகளைப் பயமுறுத்தும் ஆளில்லை. வீடுகளுக்கு வண்ணம் பூசுகிறவர், அதனால் வந்த பெயர். இருபத்தெட்டு வருடத் தொழில். வேலை முடிந்து டப்பாவில் கால் லிட்டர் மிஞ்சினால் போதும், வீட்டில் எந்தப் பொருளுக்கோ வேளை வந்துவிட்டது என்று அர்த்தம். தபால் பெட்டி, வாளியின் கைப்பிடி, தோட்டத்துக் குழாய், தையல் மெஷினின் கால் என எதையும் அவர் விட்டுவைத்ததில்லை. ஒரு தடவை சமையலறை ஜன்னலைச் சாத்திவைத்து மூன்று கோட் அடித்துவிட்டார். அந்தக் கோடை முழுக்க அது திறக்கவே இல்லை. மனைவி வியர்த்து விறுவிறுத்துச் சமைத்தபடி, "பாக்க அழகா இருக்கு, காத்துதான் வரல" என்று மட்டும் சொன்னாள்.

ஐம்பத்திரண்டு வயதில் அவருக்குக் கார் பித்து பிடித்தது. ஒரு கிடங்கில் கோணிச் சாக்குகளுக்கு அடியில் கிடந்த பழைய கார் அது. உருண்டைக் கண்கள் மாதிரி முன்விளக்கு, புடைத்த கன்னம் மாதிரி மட்கார்டு. பதிவுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்ததில், அது அவரைவிட மூன்று வயது மூத்தது என்று தெரிந்தது. அன்றிலிருந்து அவர் மனைவிக்கு அந்தக் கார் நாத்தனார் ஆகிவிட்டது. "உங்க அக்காவக் குளிப்பாட்டியாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் கல்லூரி அலுவலக வேலைக்குக் கிளம்புவாள்.

மனைவியின் அண்ணன் மெக்கானிக். இரண்டு தெரு தள்ளி அவருடைய ஷெட். தங்கை வீட்டுக்காரர் ஆசைப்பட்டு வாங்கிவிட்டாரே என்று அரை வருடம் ஞாயிற்றுக்கிழமைகளைத் தியாகம் செய்து இன்ஜினை உயிர்ப்பித்துக் கொடுத்தார். மச்சான் உள்ளே பார்த்துக்கொள்ள, பூச்சாண்டி வெளியே பார்த்துக்கொண்டார். வெளியே என்றால் அவர் கணக்கில் அடிப்பக்கமும் சேர்த்தி. பாயை விரித்து மல்லாந்து படுத்து, பின்சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் ஆக்ஸில் குழாய் முழுவதையும் கெட்டியான கறுப்பு எனாமலால் இரண்டு கோட் மெழுகிவைத்தார். தரையில் படுத்துப் பார்க்கிறவனுக்கும் வண்டி அழகாகத் தெரிய வேண்டாமா என்பது அவர் கட்சி.

கார் ஓட ஆரம்பித்த மூன்றாவது வாரம், இடது பின்சக்கரத்தடியில் வாசல் தரை கறுத்துப்போயிற்று. தொட்டு முகர்ந்தால் கெட்டுப்போன முட்டை மாதிரி, ஆக்ஸிலுக்குள் ஊற்றும் கியர் ஆயிலின் வாடை.

"உங்க அக்கா வாசல நனைச்சுட்டாங்க" என்றாள் மனைவி.

மச்சான் வந்தார். சக்கரத்தைக் கழற்றி, பிரேக் டிரம்மைக் கழற்றி, ஆக்ஸிலை உருவி, அதன் முனையில் ஆயிலைத் தடுத்து நிறுத்தும் ரப்பர் வளையமான சீலை மாற்றினார். பத்து நாள் நிம்மதி. பிறகு மறுபடியும் கறுப்பு வட்டம். இரண்டாவது சீல். அதுவும் ஒரு நீண்ட பயணத்துக்குமேல் தாங்கவில்லை. மூன்றாவது சீலை மச்சான் கண்ணாடி போட்டுக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காரவைத்தார்.

அந்த மூன்றாவது சீலோடுதான் கணவனும் மனைவியும் ஒரு சாயங்காலம் மேட்டுச் சாலையிலிருந்து இறங்கினார்கள். கசிந்த ஆயில் பிரேக் ஷூவை ஊறவைத்திருந்தது யாருக்கும் தெரியாது. பிரேக்கை மிதித்ததும் இடது சக்கரம் பிடிக்காமல் வழுக்க, வண்டி வலதுபுறமாக இழுத்துக்கொண்டு போய் ஒரு வேலிச் செடிக்குள் மூக்கை நுழைத்து நின்றது. யாருக்கும் சிராய்ப்புகூட இல்லை. மனைவி தலையில் ஒட்டிய இலையை எடுத்துவிட்டு, "நான் நடந்தே வரேன்" என்று இறங்கிவிட்டாள்.

பூச்சாண்டி நேராக ஷெட்டுக்குப் போனார். அங்கே இரண்டு வாடிக்கையாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பயமும் கோபமும் அடங்காமல் அவர்கள் முன்னாலேயே சொல்லிவிட்டார்: "கை நடுங்க ஆரம்பிச்சா தொழில விட்டுடணும் மச்சான்."

மச்சான் கையைத் துணியில் துடைத்தார். விரல் விரலாகத் துடைத்தார். "வண்டிய எடுத்துட்டுப் போங்க மாப்பிள்ளை" என்றார். அவ்வளவுதான்.

அதற்கப்புறம் எட்டு மாதம் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. கடைத்தெருவில் எதிரெதிரே வந்தால் இருவருக்கும் ஒரே நேரத்தில் செருப்பு வார் சரிசெய்ய வேண்டியிருந்தது. "ரெண்டு பேருக்கும் நடுவுல நான் தந்தி ஆபீஸ் நடத்த முடியாது" என்று மனைவி முதல் வாரமே கைகழுவிவிட்டாள். ஆனால் அண்ணனைப் பார்க்கப் போய்வருகிற நாட்களில் அவள் முகம் தொங்கிப்போயிருக்கும். ஏன் என்று அவள் சொல்லவில்லை. கேட்க இவருக்கு வாய் வரவில்லை.

இடையில் வேறொரு மெக்கானிக் நாலாவது சீலைப் போட்டுப் பார்த்தார். அதுவும் ஒழுகியது. பூச்சாண்டி அந்த மெக்கானிக்கையும் வாய்க்கு வந்தபடி திட்ட, மனைவி காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு நிதானமாகக் கேட்டாள்.

"ஊர்ல இருக்கிற எல்லாருக்குமா கை நடுங்குது?"

அந்தக் கேள்வி அவரை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. மூன்றாம் நாள் பழைய புத்தகக் கடைகளில் அலைந்து, அந்தக் காருக்கான ரிப்பேர் புத்தகத்தைத் தேடிப் பிடித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஏரியைச் சுற்றி முக்கால் மணி நேரம் மெதுவாக ஓட்டிவிட்டு வந்து, சூடு ஆறுவதற்குள் வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, புத்தகத்தோடு அடியில் நுழைந்தார்.

படத்தில் ஆக்ஸில் குழாயின் மேல்பக்கம், சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு சின்ன மூடி இருந்தது. அம்புக்குறி போட்டு மூச்சுத்துளை என்று எழுதியிருந்தது. வண்டி ஓட ஓட உள்ளே ஆயில் சூடாகும், காற்று விரியும், விரிந்த காற்று இந்த வழியாக வெளியேறும். இது அடைபட்டால் காற்று ஆயிலை சீல் வழியாகப் பிதுக்கித் தள்ளும், எத்தனை சீல் மாற்றினாலும் பயனில்லை என்று புத்தகம் சாவகாசமாக விளக்கியது.

அவர் கையை மேலே விட்டுத் தடவினார். வழவழவென்று இருந்தது. இன்னும் கொஞ்சம் தடவியதில் ஓரிடத்தில் சின்னதாக ஒரு மேடு. சின்ன முகக்கண்ணாடி ஒன்றை நீட்டிப் பார்த்தார். பளபளக்கும் கறுப்பு எனாமல், இரண்டு கோட். நல்ல வேலை. யார் வேலை என்று கேட்கத் தேவையில்லை.

பெயிண்ட் சுரண்டும் தகட்டை எடுத்து விளிம்பைச் சுற்றிக் கீறினார். மூடி லேசாக அசைந்தது. உடனே உள்ளேயிருந்து புஸ்ஸென்று காற்று வந்தது. வந்துகொண்டே இருந்தது. எட்டு மாதப் பெருமூச்சை ஒரேயடியாக விடுகிற மாதிரி இருந்தது அவருக்கு.

சமையலறையிலிருந்து பார்த்த மனைவிக்குக் காருக்கு வெளியே இரண்டு கால்கள் அசையாமல் கிடப்பது தெரிந்தது. கரண்டியோடு ஓடிவந்தாள்.

"என்னங்க, இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"என்ன ஆச்சு?"

"நான்தான்."

"நீங்கதான் என்ன?"

"ஒழுக வச்சது நான்தான்."

வெளியே வந்து விஷயத்தைச் சொன்னார். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். சிரிக்கவில்லை. "அண்ணன்கிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க. இப்பவே போங்க. கை கழுவிட்டுப் போறேன்னு நிக்காதீங்க" என்றாள்.

கறுப்புக் கையோடு நடந்தே போனார். ஷெட்டில் ஸ்கூட்டர்கள் மட்டும் வரிசையாக நின்றன. எப்போதும் ஒரு மூலையில் கிடக்கும் பழைய கார் எதையும் காணோம். மச்சான் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி ஸ்பேனரைத் திருகினார்.

"மச்சான், உங்க கைமேல தப்பில்ல. மூச்சுத்துளைய நான் பெயிண்ட் அடிச்சு அடைச்சுட்டேன். இப்பதான் சுரண்டினேன், காத்து வந்துச்சு."

மச்சான் ஸ்பேனரைக் கீழே வைத்தார். அலமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துத் திறந்து காட்டினார். உள்ளே அவர் கழற்றிய சீல்கள், பக்கத்தில் ஒரு பூதக்கண்ணாடி.

"எங்க கோணலா அடிச்சேன்னு தினம் எடுத்துப் பாப்பேன். ஒண்ணும் தெரியல. நீங்க சொன்னப்புறம் பழைய வண்டி எதையும் தொடல மாப்பிள்ளை. சுத்திய எடுத்தாலே நெஜமா நடுங்குற மாதிரி இருந்துச்சு."

பூச்சாண்டி ஒரு டயர்மேல் உட்கார்ந்தார். "நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. அதுவும் நாலு பேர் முன்னாடி."

"பேசியிருக்கக் கூடாதுதான்." மச்சான் டின்னை மூடினார். "ஆனா மொதல்ல மூச்சுத்துளையப் பாக்கணும்கிறது எனக்குத் தெரிஞ்சிருக்கணும். மூணு தடவ அடியில படுத்திருக்கேன். பளபளன்னு இருந்துச்சு, கண்ணுல படவே இல்ல. கோபம் இன்னும் இருக்கு. அது இருக்கட்டும், வாங்க, வண்டியப் பாப்போம்."

அன்று மத்தியானமே வேலை நடந்தது. மூடியை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, துளையில் கம்பி விட்டு, அது தொட்டால் சுழலும்வரை சுத்தம் செய்தார்கள். ஆயிலில் ஊறிய பிரேக் ஷூக்களைத் தூக்கியெறிந்து புதிது போட்டார்கள். டிரம்மைத் துடைத்துத் துடைத்து வாடை போகவைத்தார்கள். புது சீலின் உதட்டில் ஆயில் தடவி, அதன்மேல் அகலமான குழாய்த் துண்டை வைத்து, மச்சான் சுத்தியலால் மெல்ல மெல்லத் தட்டினார். பூச்சாண்டி பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அந்தக் கையையே பார்த்தார்.

"நடுங்கல" என்றார்.

"தெரியுது" என்றார் மச்சான், தலை நிமிராமல்.

ஆயில் ஊற்றி, மேட்டுச் சாலைக்குப் போய், மூன்று தடவை இறங்கிப் பிரேக் பிடித்துப் பார்த்தார்கள். வண்டி கோடு கிழித்த மாதிரி நின்றது. மூன்றாவது தடவை மனைவியும் பின்சீட்டில் இருந்தாள். கைப்பிடியை மட்டும் விடவில்லை. பின்சக்கரத்தடியில் ஒரு வாரம் வெள்ளை அட்டை விரித்துவைத்தார்கள். தூசியைத் தவிர அதில் எதுவும் விழவில்லை.

அடுத்த மாதம் ஷெட்டுக்கு ஒரு பழைய கார் வந்தது, பிறகு இன்னொன்று. மச்சான் ஞாயிற்றுக்கிழமைகளில் மறுபடி தங்கை வீட்டுக்கு வர ஆரம்பித்தார். சீட்டுக்குப் பச்சை உறை போடலாமா பழுப்பு போடலாமா என்று ஒரு நாள் இருவருக்கும் பெரிய சண்டை மூண்டது. இரண்டு மணி நேரம் ஓயாமல் மாறி மாறிப் பேசினார்கள். மனைவி குறுக்கே போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.